நடுங்கும் இடமும் நடுக்கும் இடமும்

1890-களின் தொடக்கம். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் படகு கட்டிக்கொண்டிருந்த ஆல்ஃப்ரெட் யாரோ, பார்ப்பவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு வேலையைச் செய்தார். டார்பிடோ படகு ஒன்றைத் தண்ணீரில் நிறுத்தினார். அதன் ப்ரொப்பெல்லரைக் கழற்றினார். பிறகு இன்ஜினை மட்டும் ஓடவிட்டார். படகு ஓரடிகூட நகராது. நகர வேண்டிய அவசியமும் இல்லை. அது நடுங்குகிறதா என்று பார்க்கத்தான் இத்தனையும்.

நடுங்கியது. ப்ரொப்பெல்லரே இல்லாமல்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், அதுவரை பழி ப்ரொப்பெல்லர் மேல்தான் இருந்தது. அந்தக் கால டார்பிடோ படகு என்பது மெல்லிய இரும்புத் தகட்டுக்குள் அளவுக்கு மீறிய ஒரு நீராவி இன்ஜினைத் திணித்து வைத்த சமாச்சாரம். வேகம் ஒன்றுதான் அதன் ஆயுதம். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் முன்னிருந்து பின்வரை மொத்தப் படகும் உதறும். இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினால் உதறல் அடங்கும். தண்ணீரை அறைந்துகொண்டு போவது ப்ரொப்பெல்லர், எனவே உதறலுக்கும் அதுதான் காரணம் என்று நினைப்பது இயல்பு. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆபீஸில் ஒரு பக் எந்த ஸ்கிரீனில் தெரிகிறதோ அந்த ஸ்கிரீனின் கோடை மூன்று நாள் உருட்டிக்கொண்டிருந்து, கடைசியில் தப்பு வேறெங்கோ இருந்ததைக் கண்டுபிடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

யாரோ செய்தது நாம் இன்றும் செய்வதுதான்: சந்தேகப்படும் பாகத்தை வெளியே எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது. 1892-ல் கப்பல் கட்டுநர்களின் சங்கத்தில் இதை ஒரு கட்டுரையாகவே வாசித்தார். குற்றவாளி இன்ஜினுக்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன்கள். ஒவ்வொரு முறை பிஸ்டன் மேலே எறியப்படும்போதும் படகு கீழே அழுத்தப்படுகிறது. இந்தத் தட்டலின் தாளம் படகின் உடம்புக்கே உரிய இயல்பான தாளத்தோடு பொருந்திவிட்டால் போச்சு. பள்ளிக்கூட இயற்பியலில் ஒத்ததிர்வு என்று படித்தோமே, அதேதான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னக் குழந்தைகூடப் பெரிய ஆளை ஆட்டிவிடும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் உதறல் வந்ததற்கும் இதுதான் காரணம்.

யாரோவின் வைத்தியம் எளிமையானது. பிஸ்டன் போகும் திசைக்கு எதிராகப் போகும்படி எடைகளை மாட்டினார். ஜெர்மனியில் ஓட்டோ ஷ்லிக், எடையைக் கூட்டாமலே, சிலிண்டர்களின் இடைவெளியையும் கிராங்க்கின் கோணங்களையும் கணக்குப் போட்டு அமைத்து, ஒன்றின் உதையை மற்றொன்று விழுங்கிவிடும்படி செய்தார். இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் அழகைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இப்போது வேண்டாம்.

அடுத்து வந்தவர் சார்லஸ் பார்சன்ஸ். 1897-ல் விக்டோரியா ராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்புக்குள் தன் டர்பினியாவை ஓட்டிக்கொண்டு நுழைந்தார். சுமார் 34 நாட் வேகம், அன்றைக்கு யாராலும் துரத்திப் பிடிக்க முடியவில்லை. டர்பைனில் போய்வரும் பிஸ்டனே கிடையாது, எல்லாமே சுழல்வதுதான். அப்படியென்றால் அதிர்வுக் கதை முடிந்ததல்லவா?

முடியவில்லை. 1907-ல் டர்பைன் பொருத்திய லூசிடானியா சோதனை ஓட்டத்துக்குப் போனபோது, வேகம் கூடக் கூடக் கப்பலின் பின்பகுதி ஆட ஆரம்பித்தது. அங்கே இருந்தவை இரண்டாம் வகுப்பு அறைகள். முதல் பயணத்துக்கு முன்பே அந்தப் பகுதியைப் பிரித்துப்போட்டு, கூடுதல் தாங்கிகள் வைத்து இறுக்க வேண்டியதாயிற்று. இன்ஜின் நல்லவனாகிவிட்டதால், 15 வருடங்களுக்கு முன் யாரோ விடுதலை செய்த ப்ரொப்பெல்லர் திரும்பவும் கூண்டில் ஏறியது. இந்த முறை குற்றம் உண்மை.

ப்ரொப்பெல்லர் எப்படி அதிர்வைத் தருகிறது? கப்பல் போகும்போது தன் உடம்பை ஒட்டியிருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் ப்ரொப்பெல்லருக்கு வந்து சேரும் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு பிளேடும் ஒரு சுற்றுக்குள் மந்தமான தண்ணீரிலும் வேகமான தண்ணீரிலும் மாறி மாறி நுழைகிறது. நுழையும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட்டுக்கு ஒரு குத்து, மேலே இருக்கும் கப்பலின் அடித்தகட்டுக்கு ஓர் அறை. நிமிடத்துக்கு 200 சுற்று, மூன்று பிளேடு என்று வைத்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு 600 அறை, நொடிக்குப் பத்து. அந்தப் பத்து, பின்பகுதியின் இயல்பான தாளத்துக்குப் பக்கத்தில் இருந்தால், அங்கே படுத்திருப்பவர் தூங்க முடியாது.

படுத்திருப்பவர் யார்? 1935 மே மாதம் முதல் பயணம் கிளம்பிய பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டியைப் பாருங்கள். ரஷ்யாவிலிருந்து அகதியாக வந்த விளாதிமிர் யூர்கெவிச் வடிவமைத்த உடல், அந்தக் காலத்தின் அதிசயம். முதல் வகுப்பின் சாப்பாட்டுக் கூடம் மட்டும் 93 மீட்டர் நீளம். முதல் பயணத்திலேயே அட்லாண்டிக்கைக் கடக்கும் வேக சாதனையையும் பறித்தது. ஆனால் பின்பகுதி மோசமாக அதிர்ந்தது. முதல் வகுப்பு கப்பலின் நடுவில். டூரிஸ்ட் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் பின்னால், நான்கு ப்ரொப்பெல்லர்களின் தலைக்கு மேலே. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பள்ளத்தை எல்லாம் முதுகெலும்பால் எண்ணியவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும். சாதனையின் பெயர் கம்பெனிக்கு, அதன் நடுக்கம் மலிவான டிக்கெட்டுக்கு. இதை யாரும் சதி செய்து வைக்கவில்லை என்பது வாஸ்தவம். இரைச்சலும் ஆட்டமும் இருக்கும் இடம் மலிவாகிறது, மலிவான இடத்துக்குக் காசில்லாதவர் வருகிறார். எனக்கு அது சமாதானமாக இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் நார்மண்டியை நிறுத்தி, மூன்று பிளேடு ப்ரொப்பெல்லர்களைக் கழற்றி நான்கு பிளேடு உள்ளவற்றை மாட்டினார்கள். மேலே சொன்ன கணக்கையே போட்டால், நொடிக்குப் பத்து அறை 13-ஐத் தாண்டுகிறது. தாளம் விலகுகிறது. சுமையை நான்கு பேர் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வோர் அறையும் மெலிகிறது. பின்பகுதிக் கட்டுமானத்தையும் பலப்படுத்தினார்கள். அதிர்வு வெகுவாகக் குறைந்தது. 1936-ல் குவீன் மேரியிடம் பறிகொடுத்த வேக சாதனையை 1937-ல் நார்மண்டி திரும்பப் பிடித்தது.

இன்றைக்கு ஒரு சின்ன மோட்டார் படகு உதறினாலும் மெக்கானிக் போகும் வழி இதுதான். முதலில் கியரை நியூட்ரலில் போட்டு இன்ஜினை முறுக்குவார். அப்போதும் உதறினால் இன்ஜின், அல்லது அதைத் தாங்கும் மவுன்ட். யாரோ ப்ரொப்பெல்லரைக் கழற்றியதன் சோம்பேறி வடிவம் இது. கியர் விழுந்த பிறகுதான் உதறுகிறது என்றால் கப்ளிங், ஷாஃப்ட், பியரிங், ப்ரொப்பெல்லர் என்று பின்னோக்கிப் போவார். சுற்றுக்கு ஒரு உதை என்றால் வளைந்த ஷாஃப்ட்டையோ, அடிபட்டு எடை மாறிய பிளேடையோ சந்தேகிப்பார். பிளேடு எண்ணிக்கைக்குச் சமமாக உதை வந்தால் தண்ணீர் ஒழுங்காக வந்து சேரவில்லை என்று அர்த்தம். சில நேரம் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பைத் தவிர வேறெதுவும் இருக்காது.

கப்ளிங் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் படகைக் கரையேற்ற மாட்டார். தரையில் தாங்கிகள் மேல் உட்காரும்போது படகின் உடல் லேசாக வளைந்துவிடும். தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒருநாள் பொறுத்து, கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜை நான்கு பக்கமும் நுழைத்து அளப்பார். தலைமுடியின் தடிமன் அளவுக்கு வித்தியாசம் வந்தால், இன்ஜின் மவுன்ட்டின் போல்ட்டைக் கால் சுற்று திருப்பி, மறுபடி அளப்பார்.