ஓப்பன், தெர்புக்கா, பொது

மலேசியாவில் நடக்கும் ஒரு கோல்ப் போட்டிக்கு மூன்று பெயர்கள். ஆங்கில நாளேட்டில் அது மலேசியன் ஓப்பன். மலாய் நாளேட்டில் தெர்புக்கா மலேசியா. நம் தமிழ் நாளேட்டில் மலேசியப் பொது கோல்ப் போட்டி. கொழும்பு நாளேடுகள் இப்படிப்பட்ட போட்டிகளைப் பகிரங்கப் போட்டி என்று எழுதுகின்றன. சென்னையில் அந்தச் சிரமமே இல்லை. ஓபன் என்றால் ஓபன்தான்.

தெர்புக்கா என்றால் திறந்த, திறந்திருக்கிற என்று பொருள். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தீபாவளி வந்துவிட்டால் அமைச்சரிலிருந்து அடுத்த வீட்டுக்காரர் வரை ரூமா தெர்புக்கா நடத்துவார்கள். அதைத் தமிழில் 'திறந்த இல்ல உபசரிப்பு' என்கிறோம். ஒரே மலாய்ச் சொல், விருந்துக்கு வரும்போது 'திறந்த' ஆகிறது. விளையாட்டுக்கு வரும்போது 'பொது' ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. வீட்டைத் திறக்க வீட்டுக்காரர் ஒருவர் வேண்டும். எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது அவர் முடிவு. பொதுவுக்கு வீட்டுக்காரர் கிடையாது. அப்படியானால் ஓப்பன் என்ற இந்தப் போட்டி எந்த வகை? கதவு திறந்துவிடப்பட்ட வீடா, எல்லாருக்கும் உரிய பொதுவா?

சொல் பிறந்த இடத்திலிருந்து தொடங்கலாம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் பிரெஸ்ட்விக் என்ற ஊர். நாள் 1860 அக்டோபர் 17. 12 குழிகள் கொண்ட திடலை ஒரே நாளில் மூன்று முறை சுற்றினார்கள். ஆடியவர்கள் மொத்தம் 8 பேர். 174 அடிகளில் முடித்த வில்லி பார்க் வென்றார். உள்ளூர் கிளப்பின் டாம் மோரிஸ் இரண்டடியில் தோற்றார். வென்றவருக்குப் பணம் இல்லை. வெள்ளிக் கொக்கிகள் பதித்த சிவப்புத் தோல் இடுப்புப் பட்டைதான் பரிசு. அதுவும் அடுத்த ஆண்டு திருப்பித் தர வேண்டிய பரிசு.

உலகின் முதல் ஓப்பன் என்று இன்று எண்ணப்படும் அந்தப் போட்டி அன்று ஓப்பனாக இல்லை. அது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மட்டும். தொழில்முறை என்ற சொல்லுக்கு இப்போதுள்ள மினுக்கெல்லாம் அப்போது கிடையாது. கோல் செய்கிறவர், பந்து செய்கிறவர், புல் பார்க்கிறவர், கனவான்களின் கோல்களைச் சுமக்கிறவர் இவர்கள்தாம் தொழில்முறையாளர்கள். கூலிக்கு ஆடுகிறவனோடு கனவான் போட்டி போடமாட்டார். மறு ஆண்டு, 1861-இல், பிரெஸ்ட்விக் கிளப் போட்டியை உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தது. அறிவிப்பு பெரிது, நடைமுறையில் உள்ளே வந்தவர்கள் அமெச்சூர் ஆட்டக்காரர்கள், அதாவது அந்தக் கனவான்களே. ஏழைகள் ஆடிக்கொண்டிருந்த போட்டிக்குள் செல்வர்கள் நுழையத் திறந்த கதவு அது. இச்சொல்லின் முதல் பொருள் இவ்வளவுதான்: தொழில்முறையாளரும் அமெச்சூரும் ஒரே அட்டவணையில் ஆடலாம்.

இளைய டாம் மோரிஸ் 1868, 1869, 1870 ஆகிய மூன்று ஆண்டும் தொடர்ந்து வென்றதால் விதிப்படி பட்டை அவருக்கே சொந்தமாயிற்று. தர வேறு பரிசு இல்லாமல் 1871-இல் போட்டியே நடக்கவில்லை. பிறகு மூன்று கிளப்புகள் சேர்ந்து வெள்ளிக் கூஜா ஒன்று செய்தன. கிளாரெட் ஜக் என்று இன்றும் கையில் ஏந்தி முத்தமிடுகிறார்களே, அதுதான். அமெச்சூர்களுக்காகத் திறந்த கதவில் நுழைந்து கோப்பையோடு திரும்பிய அமெச்சூர்கள் இதுவரை மூவர்: ஜான் பால், ஹெரால்டு ஹில்டன், பாபி ஜோன்ஸ். 1930-க்குப் பிறகு ஒருவரும் இல்லை.

'உலகத்தார் அனைவருக்கும்' என்பதை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒருவர் உண்டு. மாரிஸ் ஃபிளிட்கிராஃப்ட், இங்கிலாந்தின் பாரோ ஊரில் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டியவர். 1976-இல் தகுதிச் சுற்றுக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று படிவத்தில் எழுதி உள்ளே போனார். 121 அடிகள் அடித்தார். திடலுக்கு வகுத்த அடிக்கணக்கைவிட 49 அதிகம். அமைப்பாளர்கள் கொதித்துப்போய் அவரைத் தடை செய்தார்கள். அவரோ வேறு வேறு பெயர்களில், ஒட்டு மீசையோடெல்லாம் திரும்பத் திரும்ப வந்தார். சிரிப்பான கதைதான். ஆனால் திறந்திருக்கிறது என்று எழுதிவைத்தவர்கள், ஒருவர் உள்ளே வந்ததும் கதவைச் சாத்த ஓடிய கதையும் அதுவே.

சொல் கப்பலேறியது. அமெரிக்காவில் 1895, பிலிப்பைன்சில் 1913, ஜப்பானில் 1927, ஹாங்காங்கில் 1959, சிங்கப்பூரில் 1961, மலேசியாவில் 1962, இந்தியாவில் 1964 என ஒவ்வொரு நாடும் தன் பெயருக்குப் பின்னால் ஓப்பனை ஒட்டிக்கொண்டது. பிறந்த வீட்டில் மட்டும் அதற்கு நாட்டுப் பெயர் கிடையாது. அங்கே அது வெறும் 'தி ஓப்பன்'. பிரிட்டிஷ் ஓப்பன் என்று சொன்னால் ஸ்காட்லாந்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

தொழில்முறையாளர்களை ஆட்டக் களத்துக்குள் விட்ட பிறகும் கிளப் கட்டடத்துக்குள் விடவில்லை. ஓப்பனில் வென்ற தொழில்முறை ஆட்டக்காரர்கூட உடை மாற்ற வேறிடம் தேட வேண்டும். உறுப்பினர்கள் உண்ணும் கூடத்தில் கால் வைக்கக் கூடாது. அமெரிக்காவின் டொலீடோ நகரத்து இன்வர்னஸ் கிளப் 1920-இல் யூ.எஸ். ஓப்பனை நடத்தியபோதுதான் தன் கதவைத் தொழில்முறையாளர்களுக்குத் திறந்தது. நன்றிக்கு அவர்கள் காசு சேர்த்து ஆளுயரக் கடிகாரம் ஒன்றை வாங்கித் தந்தார்கள். பெண்கள் விஷயத்தில் இன்னும் தாமதம். ஓப்பன் பலமுறை நடந்த ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டு, பெண்களை உறுப்பினராக்க ஒப்புக்கொண்ட ஆண்டு 2017.

நிறத்தால் அடைபட்ட கதவின் கதை நம்மவர் வழியாகத்தான் வருகிறது. பாப்வா சேவ்கோலம் என்பவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் இந்தியர். கோல் சுமக்கும் கேடியாக வளர்ந்தவர். வலக்கைக்காரர்கள் கோலைப் பிடிக்கிற முறைக்கு நேர்மாறாக இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பார். யாரும் கற்றுக்கொடுக்காமல் தானாகப் பழகிய பிடி. அந்தப் பிடியோடு 1959-இல் டச்சு ஓப்பனை வென்றார். மறு ஆண்டும், 1964-இலும் வென்றார். 1963-இல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் நடந்தது. அதையும் வென்றார். நிறவெறிச் சட்டப்படி அவர் கிளப்புக்குள் நுழையக் கூடாது. தோற்ற வெள்ளையர்கள் கூரைக்குக் கீழே இருக்க, வென்றவருக்கு வெளியே கொட்டுகிற மழையில் வைத்துக் கோப்பை கொடுத்தார்கள். போட்டியின் பெயர் ஓப்பன்.

இந்த இடத்தில் தமிழ்ச் சொல்லுக்கு வரலாம். தில்லையில் நடராசர் ஆடுகிற சபைக்கு அம்பலம், மன்று என்பதோடு 'பொது' என்றும் ஒரு பெயர் உண்டு. பக்திப் பாடல்களில் தில்லைப் பொது என்பது நன்றாகவே புழங்கிய வழக்கு. அந்தப் பொதுவைக் காண நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தே திருநாளைப்போவார் என்று பெயரெடுத்தவர் நந்தனார். போனபின்பும் ஊர் எல்லையில் நின்றார். சேக்கிழார் சொல்வதுபோல், தீயில் இறங்கி எழுந்த பிறகே அவருக்கு உள்ளே வழி கிடைத்தது. பொது என்று பெயர் வைத்தால் மட்டும் பொதுவாகிவிடாது என்பது தமிழுக்குப் பழைய செய்தி.

இன்னும் பின்னே போனால் பொதுவை வெறுத்தவர்களும் வருகிறார்கள். புறநானூற்றின் 8-ஆம் பாட்டில் கபிலர் பாடும் சேரமான் கடுங்கோ வாழியாதன், இந்த உலகம் மற்ற அரசர்களுக்கும் பொது என்ற பேச்சையே பொறுக்காதவன். அங்கே அது அவனுக்குப் புகழ். ஆனால் அதே காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் மன்றத்துக்குப் பொதியில் என்று பெயர். பொதுவான இல் என்பது பொருள். அரசனுக்கு ஆகாத சொல் ஊருக்கு ஆகிவந்தது. நிலம், கிணறு, வழி என எதற்கு முன் இச்சொல் வந்தாலும், 'இது உனக்கும் உரியது' என்ற உரிமைதான் அதில் முன்னே நிற்கும்.

அந்த உரிமையை மலாயா மண்ணில் வைத்துப் பார்க்கச் செமினி தோதான இடம். காஜாங்குக்குத் தெற்கே, உலு லங்காட்டில், ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரத் தோட்டங்கள், பிறகு செம்பனை, இப்போது தாமான்கள் என்னும் குடியிருப்புகள். ரிஞ்சிங் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளியின் பெயரில் தோட்டம் இன்னும் இருக்கிறது. தோட்டம் இருந்த நாளில் துரைமார் ஓய்வு நேரத்தில் ஆடிய ஆட்டங்களில் ஒன்று கோல்ப். தலைநகரில் 1893-இல் தொடங்கிய சிலாங்கூர் கோல்ப் கிளப், பின்னாளில் ராயல் அடைமொழி பெற்றது. தொடக்கத்தில் அது வெள்ளைக்காரர்களின் இடம். தமிழர்கள் அந்தத் திடல்களில் இருந்தார்கள், ஆட்டக்காரர்களாக அல்ல. புல் வெட்டினார்கள், பந்து பொறுக்கினார்கள், பை சுமந்தார்கள். துரை மணற்பள்ளத்திலிருந்து பந்தை அடித்து வெளியேற்றியதும், அவர் காலடித் தடம் தெரியாமல் மணலை வாரியால் சீவிவிட்டு, ஓடிப் போய்ப் பந்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இதுதான் கேடியின் வேலை. பிரெஞ்சில் இளையவனைக் குறித்த கடே என்ற சொல், எடின்பரோவில் எடுபிடிப் பையனுக்கு ஆகி, அங்கிருந்து கோல்ப் திடலுக்கு வந்து கேடி ஆயிற்று. தமிழில் எழுதினால் அது காவல் நிலையக் கேடியோடு ஒன்றாகிவிடுவது அந்தப் பிள்ளைகளின் தலையெழுத்து.

மலேசியன் ஓப்பன் 1962-இல் அந்தச் சிலாங்கூர் கிளப்பில்தான் தொடங்கியது. முதலில் வென்றவர் ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் பிலிப்ஸ். 1999-இல் ஐரோப்பியச் சுற்றுப் போட்டித் தொடரும் இதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு கோல்ப் உலகக் கோப்பையும் இங்கே வந்தது. ஈயம் தோண்டிய பெரும் பள்ளம் ஏரியாகி, அதன் கரையில் எழுந்த மைன்ஸ் திடலில் டைகர் வுட்சும் மார்க் ஓமியாராவும் அமெரிக்காவுக்காக வென்றார்கள். ஈயக் குழி, செம்பனைக் காடு என்று உழைப்பாளிகள் வியர்வை சிந்திய நிலங்கள் ஒவ்வொன்றாகப் பசும்புல் போர்த்திக்கொண்ட காலம் அது. செமினியிலும் காஜாங் ஹில் என்ற பெயரில் கோல்ப் கிளப் வந்தது.

இந்தப் போட்டிக்கு இந்த நாட்டுக்கே உரிய முத்திரை ஒன்றுண்டு. பிற்பகலில் வானம் கறுக்கும். நீண்ட சங்கொலி ஒன்று எழும். அது கேட்டதும் அடிக்க ஓங்கிய கோலைக்கூட இறக்கிவிட்டுத் திடலை விட்டு வெளியேற வேண்டும். மின்னல் வருகிறது என்று பொருள். இரண்டு குறுகிய ஒலி கேட்டால் திரும்பி வந்து ஆடலாம். 2013-இல் இப்படியே நாள் கரைந்து, நான்கு சுற்றுப் போட்டி மூன்றோடு முடிந்தது. உலகத் தரவரிசையில் எத்தனையாவது ஆளாக இருந்தாலும் நம் ஊர் மழைக்கு எல்லாரும் ஒன்று.

வென்றவர் பட்டியலில் நம் பக்கத்து முகங்கள் உண்டு. பிஜித் தீவு இந்தியர் விஜய் சிங் 1992, 2001 ஆண்டுகளில் வென்றார். பெயர் பெறுவதற்கு முன் போர்னியோவில் கிளப் வேலை பார்த்துக் காலம் தள்ளியவர் அவர். இந்தியாவின் அர்ஜுன் அத்வால் 2003, 2008. அனிர்பன் லாகிரி 2015. மலேசியத் தமிழர்களில் எம். ராமையா, பி. குணசேகரன், ஆர். நாச்சிமுத்து முதலியோர் தொழில்முறை ஆட்டத்தில் பெயர் பதித்தார்கள். மணலைச் சீவிய சமூகத்திலிருந்து அட்டவணையில் பெயர் வரும் சமூகமாக வளர்ந்ததற்கு இந்தப் பெயர்களே சான்று.

போட்டியின் பெயரும் நிலைக்கவில்லை. 2016-இல் அதன் இடத்தில் வங்கியொன்றின் பெயரோடு மேபேங்க் சாம்பியன்ஷிப் வந்தது; ஓப்பன் காணாமல் போயிற்று. 2018-இல் 21 வயது சுபாங்கர் சர்மா கடைசிச் சுற்றில் 62 அடித்து வென்றது அந்தப் பெயரில்தான். 2020-இல் ஓப்பன் திரும்பி வந்தது, பெருந்தொற்றில் நின்றது, 2024-இல் மைன்சில் மறுபடி தலைகாட்டியது. செலவை யார் ஏற்கிறாரோ அவரைப் பொறுத்து வருவதும் போவதுமாக இருக்கிற சொல்லைப் பொது என்பதா?

என் கணக்கு இது. ஆங்கிலமும் மலாயும் உண்மையைச் சொல்கின்றன: இது வீட்டுக்காரர் திறந்துவிட்ட கதவு. தமிழ் நாளேடு உண்மையைவிடப் பெரிதாகச் சொல்கிறது. அது பிழையென்று நான் திருத்தமாட்டேன். 1861-இல் பிரெஸ்ட்விக்கும் தன்னிடம் இருந்ததைவிடப் பெரிதாகத்தான் சொன்னது. பிறகு வந்தவர்கள் அந்தச் சொல்லைக் காட்டியே உள்ளே போனார்கள். பொது என்று அச்சில் வந்துவிட்டால், 'பொது என்றீர்களே' என்று கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

கேட்க வேண்டிய இடம் அகராதியன்று, நுழைவுப் படிவம். வயது, கட்டணம் எல்லாம் எழுதியபின் அமெச்சூருக்கு ஒரு கட்டம் வரும்: ஹேண்டிகேப் எவ்வளவு? உன் ஆட்டத்தின் தரத்தைக் காட்டும் அந்த எண்ணைப் பெற, அங்கீகாரம் பெற்ற கோல்ப் கிளப் ஒன்றில் நீ உறுப்பினராக இருக்க வேண்டும். ரிஞ்சிங்கில் படிக்கிற பிள்ளை எவ்வளவு நன்றாகப் பந்தடித்தாலும் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் பொதுவுக்குள் போக முடியாது. அந்தப் பிள்ளைக்குக் குறைந்த செலவில் உறுப்பினர் அட்டை கிடைக்கும் நாளில், தமிழ் நாளேடு இத்தனை காலம் எழுதிவந்த பெயர் சரியாகிவிடும்.