முன்சீப் மன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

1949-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு மன்றத்துக்கு வில்லியம் ஹேஸ்டி நியமனம் பெற்றார். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அப்பீடம் கிட்டியது அதுவே முதன்முறை. அதே ஆண்டில், ஜோலார்பேட்டையிற் பிறந்த ஏ. வரதராஜன் சென்னை மாகாணத்தில் மாவட்ட முன்சீப் ஆனார். தாழ்த்தப்பட்ட குலத்தினரான அவர் உச்ச நீதிமன்றத்தை அடைய இன்னும் 31 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

1957-இல் சார்பு நீதிபதி. 1968-இல் மாவட்ட நீதிபதி. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம். 1980 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம். அவர் குலத்தினர் ஒருவர் அங்கே அமர்ந்தது அன்றுதான். உச்ச நீதிமன்றத்தார் பெரும்பாலோர் வழக்கறிஞர் வரிசையினின்று நேரே உயர் நீதிமன்றம் ஏறியவர்கள். அதற்கு மூத்த வழக்கறிஞரின் ஆதரவும் வசதிபடைத்த கட்சிக்காரரும் வேண்டும். அவை வாய்க்காதோர்க்குக் கீழ்மன்றப் படிகளே உண்டு.

அப்படிகளிற் கழிந்த காலம் வீணென்று கூறத் துணியேன். மனைவியைக் கொன்றதாக மரண தண்டனை பெற்ற ஒருவரை 1984-இல் விடுவித்த அமர்வில் அவர் இருந்தார். சூழ்நிலைச் சான்றுகள் அறுபடாத சங்கிலியாய் அமையவேண்டும் என்பது முதலான ஐந்து நியமங்கள் அவ்வழக்கில்தான் வகுக்கப்பெற்றன. வரதராஜனும் தனித் தீர்ப்பு எழுதினார். சாட்சிகளை நெடுங்காலம் நேரிற் கேட்டவரல்லவா! விமானப் பணிப்பெண் முதன்முறை கருவுற்றதும் வேலை இழப்பாள் என்ற ஏர் இந்தியா விதியை 1981-இல் நீக்கிய மூவரிலும் அவர் ஒருவர். ஆயினும், நான்காண்டுக்குள் மணம் புரிந்தால் வேலையில்லை என்ற விதியை அதே தீர்ப்பு நிலைநிறுத்தியது, அது குறையே.

1985 ஆகஸ்டில் ஓய்வுபெற்றார், 2009-இல் மறைந்தார். அவருக்குப்பின் வந்த கே. ஜி. பாலகிருஷ்ணன் 2007-இல் தலைமை நீதிபதியாகவும் உயர்ந்தார். அவர் 2010-இல் விலகியபின், 2019-இல் பி. ஆர். கவாய் வரும்வரை, ஒன்பதாண்டுக் காலம் உச்ச நீதிமன்றத்தில் தாழ்த்தப்பட்டோர் ஒருவரும் இல்லை.