காலுக்கு ரத்தம் போகுதா? வேலூரில் தொடங்கும் ஒரு கதை

1/
சுகர் உள்ள ஒருத்தர் காலில் ஆறாத புண்ணோடு வந்தா, டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி ரெண்டு. இந்தக் காலுக்கு உணர்ச்சி இருக்கா? இந்தக் காலுக்கு ரத்தம் போகுதா?
முதல் கேள்விக்கு உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர் நம்ம வேலூர். ரெண்டாவது கேள்வியைத்தான் நாம இன்னும் பல இடங்களில் கேட்காமலே விட்டுடறோம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையாப் படிங்க.

2/
சென்னையிலிருந்து பெங்களூர் போறவங்களுக்குத் தெரியும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, கொஞ்சம் உள்ளே தள்ளி பேர்ணாம்பட்டு. பாலாற்றை ஒட்டின தோல் பூமி. ரொம்ப காலம் இங்கே பதனிட்ட தோல் அரைகுறையாவே கப்பல் ஏறிட்டு இருந்தது. 1973 வாக்கில் மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு, தோலைப் பொருளா மாத்தி அனுப்புங்கன்னு தள்ளினது. ஆம்பூர் ஷூ ஊரா மாறின கதையில் அதுக்குப் பெரிய பங்கு உண்டு.

3/
ஆனா அதுக்கும் முன்னாடியே, இதே மண்ணில் இன்னொரு காலணிக் கதை ஆரம்பிச்சாச்சு. ஏற்றுமதிக்கு இல்ல. யாரும் தொடத் தயங்கின கால்களுக்கு.

4/
1946ல் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். ஆங்கிலேயர்தான், ஆனா பிறந்தது நம்ம கொல்லிமலையில், 1914ல். மறு வருஷம் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு பக்கத்துத் திருமணி தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனார். மடங்கிப்போன விரல்கள், குழி விழுந்த பாதங்கள். எலும்பு, தசை பார்க்கிற டாக்டர்கள் யாருமே இவங்களை ஏன் கவனிக்கலைங்கிற கேள்வியோடு பிராண்ட் திரும்பினார்.

5/
அன்னைக்கு டாக்டர்கள் உட்பட எல்லாரும் நம்பினது இதுதான்: தொழுநோயாளியோட சதை கெட்ட சதை, அது தானா அழுகி விழும், புண் ஆறாது.
பிராண்டும் கூட இருந்தவங்களும் பொறுமையாக் கவனிச்சாங்க. சதையில் அப்படி ஒரு கோளாறும் இல்ல. நோய் நரம்பைக் கொன்னிருந்தது, அதனால வலி தெரியல. சூடான பாத்திரத்தைத் தூக்கினாலும் தெரியல, ஆணி குத்தினாலும் தெரியல. தூங்கும்போது விரலை எலி கடிச்சது கூடத் தெரியல. அதுக்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தாங்க. விளையாட்டுக்குச் சொல்லல, நிஜம்.

6/
கால் புண் ஆறாததுக்கும் அதே காரணம்தான். நமக்குக் காலில் புண் வந்தா நொண்டுவோம், அந்தக் காலை ஊன்ற மாட்டோம். வலி தெரியாதவர் அதே புண் மேல ஆயிரம் தடவை மிதிச்சு நடக்கிறார். அப்புறம் எப்படி ஆறும்?
வைத்தியம் என்ன? பாதத்துக்கு அச்சு அசலாப் பொருந்துற மாவுக்கட்டு. கட்டுக்குள்ளே புண்ணு மேல பாரம் விழாது. இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் 1930களிலேயே இந்த முறையைக் கையாண்டிருந்தார். வேலூரிலிருந்து பிராண்ட் அதை உலகத்துக்குக் கொண்டு போனார். ஆறவே ஆறாதுன்னு கைவிட்ட புண்கள் சில வாரங்களில் மூடின.

7/
ஆறின கால் மறுபடி புண்ணாகாம இருக்கணுமே? 1955ல் வேலூர் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. அங்கே பாதமும் செருப்பும் தனிப் பாடமாவே ஆச்சு. மேலே நுரை மாதிரி மெத்துன்னு நுண்துளை ரப்பர், கீழே முள்ளு ஏறாத கெட்டி அடிப்பகுதி, ஆணி அடிக்காம ஒட்டித் தைச்ச வார். எம்.சி.ஆர். செருப்புன்னு சொல்றோமே, அது இந்த வழியில் வந்ததுதான்.

8/
பிராண்ட் 1966ல் அமெரிக்கா போனார். அங்கே தெரிஞ்சது, சுகர் நோயாளியோட மரத்துப்போன காலும் இதே காரணத்தாலதான் புண்ணாகுதுன்னு. தொழுநோய்க்காகக் கத்துக்கிட்ட மாவுக்கட்டு சுகர் காலுக்கும் போச்சு. இன்னைக்கு உலகம் முழுக்கப் பாதப் புண்ணுக்கான முக்கிய சிகிச்சை அது. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் ராயபுரம் எம்.வி. மருத்துவமனையும் சேர்ந்து சுகர் நோயாளிகளுக்கான செருப்பை ஆராய்ஞ்சு 2004ல் வெளியிட்டாங்க. எம்.சி.ஆர். போன்ற மெத்தை அடிப்பகுதி பாதத்தில் விழற அழுத்தத்தைக் குறைச்சது, புதுப் புண்களும் குறைஞ்சது.

9/
இப்போ விஷயத்துக்கு வருவோம். அந்தப் புண்கள் ஏன் அவ்வளவு நல்லா ஆறின?
தொழுநோய் நரம்பைத் தாக்கும், ஆனா காலுக்குப் போற பெரிய ரத்தக்குழாய்களைப் பொதுவா விட்டுடும். உணர்ச்சி போன பாதத்துக்குள்ளே ரத்தம் நல்லா ஓடிட்டு இருந்தது. பாரத்தை எடுத்ததும் மிச்ச வேலையை ரத்தம் பார்த்துக்கிட்டது.
வேலூர் பாடத்துக்கு அடியில் இருக்கிற நிபந்தனை இது. ரத்தம் வரணும்.

10/
வராத காலும் உண்டு. 1831ல் பிரான்சில் பூலே என்ற கால்நடை மருத்துவர் வண்டிக் குதிரை ஒண்ணைப் பத்தி எழுதினார். கொஞ்ச தூரம் ஓடினதும் நொண்டும், நின்னா சரியாகும், மறுபடி ஓடினா நொண்டும். காரணம் ரத்தக்குழாய் அடைப்பு. 1858ல் சார்கோ மனுஷங்களிடமும் அதையே காட்டினார்.
நம்ம ஊர் ஆட்கள் சொல்ற விதம்: "ஒரு தெரு நடந்தா கெண்டைக்கால் பிடிக்குது சார், கொஞ்சம் நின்னா விட்டுடுது." வயசாச்சு, வாயுன்னு இதைத் தள்ளிடாதீங்க.

11/
அடைப்புக்கு முக்கியக் காரணங்கள் புகையிலை, சுகர், பிரஷர், கொழுப்பு, வயசு. புகையிலையை நம்ம பகுதி நல்லாவே அறியும். குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வெச்சு பீடி சுத்துறாங்க. 1908ல் நியூயார்க்கில் லியோ பர்கர் விவரிச்ச ஒரு வியாதி இருக்கு. புகைபிடிக்கிற இளவயசு ஆட்களுக்குக் கை கால் விரல்கள் கறுத்துப்போகும். நம்ம நாட்டில் பீடி குடிக்கிறவங்ககிட்ட அதை இன்னமும் பார்க்கிறோம்.

12/
சரி, ரத்தம் போகுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாதத்து மேலயும் கணுக்காலுக்குப் பின்னாலயும் விரல் வெச்சு நாடி பார்க்கலாம். எல்லா டாக்டரும் செய்யணும். ஆனா வீங்கின கால், தடிச்ச தோல், அவசர ஓபி எல்லாம் சேர்ந்தா விரல் ஏமாந்துடும். இருக்கிற நாடி கிடைக்காது, சில சமயம் நம்ம விரல் துடிப்பையே நோயாளியோட நாடின்னு நினைச்சுடுவோம்.

13/
இங்கே ஒரு சுவாரசியம். கையில் பட்டை கட்டி ஸ்டெத் வெச்சு பிரஷர் பார்க்கிறோமே, அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிச்சவர் ரஷ்யாவின் கொரோட்கோவ், 1905ல். அவர் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணர். ரஷ்ய-ஜப்பான் போரில் ரத்தக்குழாய் காயமான சிப்பாய்களைப் பார்த்தவர். குழாயைக் கட்டிட்டா அந்தக் கை, கால் பிழைக்குமா பிழைக்காதா? அந்தக் கேள்வியைத் துரத்தும்போது கிடைச்சதுதான் அந்தச் சத்தம். நாம என்னவோ அதைக் கையோடு நிறுத்திட்டோம்.

14/
1950ல் அமெரிக்காவில் டிராவிஸ் வின்சர் கை பிரஷரையும் கால் பிரஷரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நல்லா இருக்கிற ஆளுக்குப் படுத்த நிலையில் கணுக்கால் பிரஷர் கைக்குச் சமமாவோ கொஞ்சம் கூடவோ இருக்கும். வழியில் அடைப்பு இருந்தா குறையும். தோட்டத்துக் குழாயை நடுவில் மிதிச்சா முனையில் தண்ணி குறையுமே, அதே கணக்கு. ஆனா கணுக்காலில் ஸ்டெத் வெச்சா சத்தம் சரியாக் கேட்காது.

15/
அதுக்கு விடை வந்தது வானவியல்லேர்ந்து. ஆம்பூர் ஸ்டேஷனில் நிற்காம போற எக்ஸ்பிரஸ் ஹாரனைக் கவனிச்சிருக்கீங்களா? நெருங்கும்போது கீச்சுன்னு இருக்கும், தாண்டினதும் சுருதி இறங்கிடும். அலையை அனுப்புற பொருள் நகர்ந்தா அலை மாறும்னு 1842ல் நட்சத்திர வெளிச்சத்தை வெச்சு சொன்னவர் கிறிஸ்டியன் டாப்ளர். 1950களில் ஜப்பானின் ஒசாகாவில் சதோமுரா அதை உடம்புக்குள்ளே கொண்டு வந்தார். ஓடுற ரத்த அணுக்கள் மேல மீயொலி பட்டுத் திரும்பும்போது சுருதி மாறும். அந்த மாற்றத்தைக் காதால் கேட்கலாம்.

16/
1960களில் சியாட்டிலில் ஸ்ட்ராண்ட்னெஸும் சக டாக்டர்களும் இதைக் கால் ரத்தக்குழாய்களுக்குப் பழக்கப்படுத்தினாங்க. 1969ல் லண்டனில் ஜேம்ஸ் யாவ் கணுக்கால் பிரஷரை அளந்து அடைப்பின் தீவிரத்தோடு பொருத்திக் காட்டினார்.
கருவி ஒண்ணும் பெருசு இல்ல. கர்ப்பிணி வயித்தில் வெச்சு குழந்தையோட இதயத்துடிப்பைக் கேட்க வைக்கிறாங்களே, அதோட தம்பி. பென்சில் மாதிரி ஒரு முனை, உள்ளங்கையளவு பெட்டி.

17/
டெஸ்ட் எப்படி? பத்து நிமிஷம் படுக்க வைப்போம். ரெண்டு கையிலும் பிரஷர் பார்ப்போம், ஸ்டெத்துக்குப் பதில் டாப்ளர். அப்புறம் கணுக்காலுக்கு மேல பட்டை. கொஞ்சம் ஜெல் தடவி, பாதத்து மேல ஒரு இடம், உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால ஒரு இடம். ஷ்.. ஷ்..னு சத்தம் வரும். காற்றடிச்சா சத்தம் நிற்கும். மெல்ல இறக்கினா எந்த எண்ணில் சத்தம் திரும்ப வருதோ, அதுதான் அந்தக் குழாயோட பிரஷர். ஊசி இல்ல, கதிர்வீச்சு இல்ல. பட்டை இறுக்குறது மட்டும் கொஞ்சம் அசௌகரியம்.

18/
கணக்கு இவ்வளவுதான். ஒரு காலில் கிடைச்ச ரெண்டு எண்ணில் பெரியதை, கைகளில் கிடைச்சதில் பெரியதால் வகுக்கணும்.
கை 140, கணுக்கால் 84. 84ஐ 140ஆல் வகுத்தா 0.60.
1.00 முதல் 1.40 வரை சரி. 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. 0.90, அதுக்குக் கீழே அடைப்பு. 0.40க்கும் கீழே போனா கால் ஆபத்தில் இருக்குன்னு அர்த்தம்.

19/
இதில் ஒரு பொறி இருக்கு. நாள்பட்ட சுகர், கிட்னி கோளாறு இருக்கிறவங்களுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். குழாய் பைப் மாதிரி விறைச்சுடும், பட்டை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. உள்ளே அடைப்பு இருந்தாலும் எண் 1.40க்கு மேல காட்டும், இல்லைன்னா "நார்மல்" மாதிரியே காட்டும். அதனால எண் நல்லா இருந்தும் புண் ஆறலைன்னா கட்டை விரலில் பிரஷர் பார்க்கணும், அங்கே இந்தச் சுண்ணாம்பு குறைவு. தேவைப்பட்டா டாப்ளர் ஸ்கேன்.

20/
நம்ம ஊரில் இது எவ்வளவு? 2000ல் வெளியான சென்னை நகர்ப்புற ஆய்வு இதே டாப்ளரை வெச்சு பார்த்தது. சுகர் இருந்தவங்களில் 6.3 சதவீதம் பேருக்குக் கால் அடைப்பு, இல்லாதவங்களில் 2.7 சதவீதம்.
அதாவது சுகர் உள்ள பெரும்பாலான கால்களுக்கு ரத்தம் போகுது. அந்தக் கால்களுக்கு வேலூர் பாடம் போதும்: பாரத்தை எடு, செருப்பை மாத்து. ஆனா மிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்சம் பேர்தான் காலை இழக்கிற வரிசையில் முன்னாடி நிற்கிறவங்க.

21/
அவங்களை முன்கூட்டியே பிரிச்சு எடுக்கலைன்னா நல்ல வைத்தியமே கெடுதல் ஆகும்.
ரத்தம் போகாத காலுக்கு இறுக்கமா மாவுக்கட்டு போட்டா புண் ஆறாது, பெருகும்.
ஷூ கம்பெனியில், கடையில், வகுப்பில் நாள் முழுக்க நின்னு நரம்பு சுருண்டு புண் வந்தவருக்கு இறுக்கக் கட்டுதான் மருந்து. ஆனா அடைப்பும் சேர்ந்திருந்தா அதே கட்டு பாதத்தைச் சாகடிக்கும்.
கறுத்த விரலை எடுத்துட்டா சரியாயிடும்னு எடுப்பாங்க. ரத்தம் வராத இடத்தில் வெட்டின காயம் எதை வெச்சு ஆறும்? விரல், பாதம், முழங்கால்னு மேல மேல ஏறும்.

22/
அடைப்பு இருக்குன்னு தெரிஞ்சா வழி இருக்கு. புகையிலையை முழுசா நிறுத்தணும், இதுக்கு மாற்று கிடையாது. ஸ்டாட்டின், ரத்தம் உறையாத மாத்திரை, சுகர், பிரஷர் கட்டுப்பாடு. புண் இல்லாதவங்களுக்கு முறையான நடைப்பயிற்சி. தேவைப்பட்டா பலூன் வெச்சு திறக்கலாம், பைபாஸ் பண்ணலாம். இன்னொண்ணு: காலில் அடைப்பு இருக்கிறவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைப்பு வர வாய்ப்பு அதிகம். அந்த எண் காலுக்கு மட்டும் சொன்ன சேதி இல்ல.

23/
யார் கேட்கணும்? 50 வயசு தாண்டின சுகர்காரங்க. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவங்க. நடந்தா கெண்டைக்கால் பிடிக்கிறவங்க. பாதத்தில் ரெண்டு வாரமா ஆறாத புண் உள்ளவங்க. திடீர்னு கால் வெளுத்து, ஜில்லுன்னு ஆகி, கடுமையா வலிச்சா டெஸ்டுக்குக் காத்திருக்காதீங்க. அது அவசரம், அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

24/
தமிழக அரசின் "பாதம் பாதுகாப்போம்" திட்டம் இருக்கு. உங்க ஊர் அரசு மருத்துவமனையில் விசாரிங்க. அடுத்த தடவை சுகர் செக்கப்புக்குப் போகும்போது செருப்பைக் கழட்டிட்டு மேஜை மேல ஏறிப் படுங்க. "டாக்டர், காலில் உணர்ச்சி பாருங்க, ரத்த ஓட்டமும் பாருங்க"ன்னு ரெண்டையும் சேர்த்துக் கேளுங்க. கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. வீட்டில் சுகர் உள்ள பெரியவங்க இருந்தா இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.