பதின்மூன்று எழுத்துச் செய்தி

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய மூன்றையும் உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலியாளர்கள் ஒரே குறியீட்டால் சுட்டுவர்: என்.கே.03. நிலவுலகைக் கட்டங்களாகப் பகுத்தபோது நம் வடசென்னைக் கடற்கரைக்கு வாய்த்த பெயர் அது. உயர்மின்னழுத்தக் கம்பிகளும் ஆலை மோட்டார்களும் எழுப்பும் மின்னிரைச்சலுக்கு நடுவே, சில வாட் ஆற்றல் மட்டுமே உடைய ஒருவர் கடல்கடந்த நாட்டாரோடு தொடர்பு கொள்ள இயலுமா? இயலும் என்று காட்டிய மென்பொருளின் வரலாற்றை இங்கே காண்போம்.

சென்னைக்கு இத்துறை புதிதன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் ஓய்ந்தது. அன்று கேட்பவரின் செவியே எல்லை. செவி பிரித்தறியாத ஒலி வீணாயிற்று.

அந்த எல்லையைக் கடந்தவர் ஒரு வானியலாளர். 1974-இல் இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்து, 1993-இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர், 2001-இல் டபிள்யூ.எஸ்.ஜே.டி. என்னும் மென்பொருளை வெளியிட்டார். நிலவில் பட்டு எதிரொலிக்கும் அலையையும் அது படித்தது. 2017-இல் ஸ்டீவ் ஃபிராங்கும் அவரும் உருவாக்கிய எஃப்.டி.8 முறை உலகெங்கும் பரவிற்று. அதில் 77 பிட் செய்தி, பிழைதிருத்தக் குறியீடு சேர்ந்து 174 பிட்டாக விரிகிறது. 50 ஹெர்ட்ஸ் அகலத்துள், 15 நொடிச் சுற்றில் ஒலிக்கிறது. இரு முனைக் கடிகாரங்களும் ஒத்திருந்தால் போதும். 2500 ஹெர்ட்ஸ் அகல இரைச்சலின் ஆற்றலில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த ஒலியைக்கூடக் கணினி மீட்டுவிடும்.

ஆயினும் இதற்கொரு விலை உண்டு. அழைப்புக்குறி, கட்டம், ஒலியின் வலிமை ஆகியவற்றோடு உரையாடல் முடிகிறது. தன்விருப்பச் செய்திக்கு 13 எழுத்தே இடம். அதுவும் ரோமன் எழுத்தும் எண்ணும் சில குறிகளுமே. தமிழுக்கு அங்கே இடமில்லை.

காசிமேட்டையும் தாக்கிய 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை நாம் மறக்கவில்லை. அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தின் அமெச்சூர் குழு தாயகக் கரைக்குச் செய்திகளைக் கடத்தியது. உயிர்பிழைத்தோர் பெயர்களைப் பதின்மூன்று எழுத்தில் அடக்க முடியுமா?

ஆனால் டெய்லரின் மூலநிரல் 2005 முதல் அனைவர்க்கும் திறந்தது. அவ்வழி வந்த நிரலைக் கொண்டே 2018-இல் ஜே.எஸ்.8 கால், நீண்ட உரையாடலுக்கு வழிசெய்தது. இரைச்சலைக் கடக்கும் கணக்கு நம் கைக்கு எட்டியிருக்கிறது. அதில் நம் மொழியை ஏற்றும் பணியை, இக்கரையில் கணினி பயிலும் மாணவர்கள் மேற்கொள்ளலாகாதா?