வாயில் இடம்பெயர்ந்த வரலாறு: பிரித்தானிய விசாவும் இலங்கையரும்

பிறநாடு செல்ல விழைபவன் முதலில் எதிர்கொள்வது எவ்வகை விசாவுக்கு விண்ணப்பிப்பது என்னும் வினாவாகும். வருகை, கல்வி, தொழில், குடும்பம் எனப் பிரிவுகள் பலவுள. இவை அலுவலக வசதிக்காக வகுக்கப்பட்டவை போலத் தோன்றினும், ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு தேவையின் பொருட்டுத் தோன்றியதேயாகும். யாரை வரவேற்பது, யாரைத் தடுப்பது என ஒரு நாடு எடுத்த முடிவுகளின் பதிவேடாகவே விசா வகைகளைக் கொள்ளல் வேண்டும். இலங்கையரைப் பெரிதும் பாதித்த பிரித்தானியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

விசா என்பது இலத்தீன் மொழிவழி வந்த சொல். 'பார்வையிடப்பட்டது' என்பது அதன் பொருள். பயணம் புறப்படுமுன் பெறப்படும் இவ்விசைவு வேறு, சென்று இறங்கிய இடத்தில் குடிவரவு அதிகாரி வழங்கும் நுழைவு அனுமதி வேறு. இவ்வேறுபாட்டினை மனங்கொள்ளாது பின்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்ளல் இயலாது.

1948ஆம் ஆண்டின் பிரித்தானிய நாட்டினச் சட்டம் பொதுநலவாய நாடுகளின் குடிமக்களையும் பிரித்தானியப் பிரசைகளாகவே கருதியது. சுதந்திரமடைந்த இலங்கையும் அந்நாடுகளுள் ஒன்றாகும். எனவே கடவுச்சீட்டுடன் சென்ற இலங்கையர் பிரித்தானியாவில் நுழையவும் தொழில் புரியவும் உரிமையுடையவராயிருந்தனர். போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் தொழிலாளர் பற்றாக்குறையும் இந்நிலைக்குத் துணைநின்றது.

1962 யூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் இவ்வுரிமையை மட்டுப்படுத்தியது. தொழில் நாடிச் செல்வோர் தொழில் அமைச்சின் வவுச்சர் பெறல் வேண்டுமென விதிக்கப்பட்டது. குறித்த வேலை கிடைக்கப்பெற்றவர்க்கு 'ஏ' வவுச்சரும், தகைமையும் தேர்ச்சியும் உடையவர்க்கு 'பி' வவுச்சரும், ஏனையோர்க்குச் 'சி' வவுச்சரும் என மூவகை வகுக்கப்பட்டன. மாணவர்க்கும், தொழில் புரியாது தம்மைத் தாமே பராமரிக்கக் கூடியவர்க்கும் வவுச்சர் வேண்டியதில்லை. மூன்றாண்டுகளுக்குள் 'சி' வகை ஒழிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கை வவுச்சர்களின் தொகையை ஆண்டுக்கு 8,500 ஆகக் குறைத்தது. இவ்வாறு கற்றவனுக்கு வழி திறந்திருக்க, கைத்தொழிலாளிக்கு அது அடைபட்டது.

1971இல் நிறைவேற்றப்பட்டு, 1973 சனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் வவுச்சர் முறையினையும் அகற்றியது. குறித்த தொழில்வழங்குநரிடம் குறித்த வேலை செய்வதற்கான தொழில் அனுமதிப்பத்திரமே அதன் இடத்தைப் பெற்றது. எனினும், குறுகிய காலம் தங்கிவரச் செல்லும் இலங்கையர் விசா பெறாமலே விமானமேறி, ஹீத்ரோவில் இறங்கி, அங்கேயே அனுமதி கோரும் வாய்ப்பு எஞ்சியிருந்தது. அனுமதி மறுக்கப்படலாம்; ஆயினும் அதிகாரியின் முன் நின்று தன் காரணத்தைக் கூறப் பயணிக்கு இடமிருந்தது.

1983 யூலை வன்செயல்களின் பின்னர் புகலிடம் நாடிச் சென்ற தமிழர்க்கு இவ்வாய்ப்பே உயிர்காக்கும் வழியாயிற்று. 1985இல் பிரித்தானிய அரசு இலங்கையர் அனைவரும் புறப்படுமுன் விசா பெறல் வேண்டுமென விதித்தது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்கள் மீது இத்தகைய விதி சுமத்தப்பட்டது அதுவே முதன்முறையாகும். அடுத்த ஆண்டில் இந்தியா, பாக்கிஸ்தான், வங்காளதேசம், நைஜீரியா, கானா ஆகிய நாடுகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. 1987 பெப்ரவரியில், திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர் பலர் ஹீத்ரோ விமான நிலையத்தில் தம் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினர். அவ்வாண்டிலேயே, உரிய ஆவணமின்றி ஏற்றிவரப்படும் பயணி ஒவ்வொருவருக்கும் 1,000 பவுண் செலுத்துமாறு விமான, கப்பற் கம்பனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. இதனாற் பிரித்தானியாவின் வாயில் ஹீத்ரோவிலிருந்து கொழும்புக்கு இடம்பெயர்ந்தது எனலாம். பயணச்சீட்டைச் சரிபார்க்கும் விமானக் கம்பனி ஊழியரும் அவ்வாயிலின் காவலராயினர்.

இவ்விடத்திலேயே விசா வகைகளின் பெருங்குறை புலனாகின்றது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின்படி, தன் நாட்டுக்கு வெளியே நிற்பவனே அகதியாவான். எனவே கொழும்பில் நின்று விண்ணப்பிப்பவன் சட்டத்தின் கண்ணில் அகதியல்லன்; அவனுக்கென ஒரு விசா வகையும் இருக்கவில்லை. வருகை விசா கேட்பின், தான் திரும்பி வருவதாக உறுதி கூறல் வேண்டும். உயிருக்கு அஞ்சி ஓடுவதாக உண்மையுரைப்பின் அவ்விசா மறுக்கப்படும். பொய்யுரைத்தோ முகவரை நாடியோ சென்றவர்களைச் சட்டத்தை மீறியோர் எனக் குறைகூறுவது எளிது. அவர்களுக்குச் சட்டம் எவ்வழியை விட்டுவைத்தது என்பதையும் வரலாற்று மாணவன் வினவுதல் வேண்டும்.

தொழில் அனுமதிப்பத்திர முறை மறைந்து, 2008 முதல் புள்ளி முறை படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது. பிரிவுகளின் பெயர்கள் மாறின. புகலிடம் கோருவதற்கென ஒரு பொதுவான விசா மட்டும் இன்றுவரை தோன்றவில்லை. ஆகவே விசா வகைகளை ஆராய்பவன் பட்டியலில் உள்ளவற்றோடு அமையாது, அதில் இடம்பெறாதவற்றையும் நோக்குதல் வேண்டும். ஒரு நாட்டின் மனப்பாங்கை அவ்விடுபாடுகளே தெளிவாக உணர்த்துகின்றன.