திமார்பூரின் 21 நாள்கள்

1987ஆம் ஆண்டு வடதில்லியின் திமார்பூரில் குப்பை எரியுலை ஒன்று நிறுவப்பட்டது. டென்மார்க்கின் வோலுண்ட் நிறுவனம் அமைத்துத் தந்த அவ்வுலை, நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் தரும் என்பது திட்டம். சோதனை ஓட்டமாக 21 நாள்கள் இயங்கிய பின் அது நிறுத்தப்பட்டது. உலைக்கு வந்து சேர்ந்த குப்பை தன் வெப்பத்திலேயே தொடர்ந்து எரியவில்லை என்பதே காரணம்.

எரியுலை குறைந்த செலவில் இயங்க வேண்டுமாயின் குப்பையே அதன் எரிபொருளாக வேண்டும். ஈரக் குப்பையை உலையிலிட்டால், பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துவிடும். அதன் பின் எண்ணெய் ஊற்றித்தான் எரிக்க வேண்டும். திமார்பூர் உலைக்குத் தேவைப்பட்டது கிலோவுக்குச் சுமார் 1,460 கிலோகலோரி வெப்பம். தில்லிக் குப்பையில் இருந்தது 600 முதல் 700 வரையே.

இந்த எதிர்பார்ப்புக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1874இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஆல்ஃபிரட் ஃபிரையரின் வடிவமைப்பில் எரியுலை எழுந்தபோது, அந்நகர வீடுகளின் குப்பையில் அடுப்புகளிலிருந்து கொட்டப்பட்ட, பாதி எரிந்த நிலக்கரி கலந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டில் நிலக்கரியின் இடத்தைக் காகிதமும் நெகிழியும் பிடித்தன. இரு காலத்திலும் மேற்கத்திய நகரங்களின் குப்பையோடு எரிபொருளும் சேர்ந்தே வந்தது. திமார்பூருக்கு வந்த தொழில்நுட்பம் அந்த மரபில் வளர்ந்தது.

தில்லியில் நிலைமை வேறு. பழைய காகிதத்தையும் புட்டியையும் வீடுகள் கபாடிவாலாவிடம் விற்றுவிடும். தெருத்தொட்டிக்குப் போனவற்றில் விலைபெறக்கூடியவற்றைக் குப்பை பொறுக்குவோர் பிரித்தெடுத்துவிடுவர். எஞ்சியவை காய்கறித் தோலும் தெருமண்ணும் சாம்பலும் கட்டட இடிபாடுமே. நகராட்சியின் சம்பளப் பட்டியலில் இல்லாத அந்த உழைப்பு, உலையின் கணக்கிலும் இடம்பெறவில்லை.

பின்னாளில் திமார்பூரைப் பற்றிப் பேசியவர்கள் 'இந்தியக் குப்பை தரங்குறைந்தது' என்றே பெரும்பாலும் கூறினர். இங்கே 'தரம்' என்னும் சொல் உலையின் பக்கம் நின்று அளக்கிறது. பொறுக்குவோரின் பக்கமிருந்து பார்த்தால், தரமான பகுதி ஏற்கெனவே பயன்பாட்டுக்குத் திரும்பிவிட்டது.

2012இல் தில்லியின் ஓக்லாவில் புதிய எரியுலை இயங்கத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உதவாததும் கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாததுமான கழிவை ஆற்றல் உற்பத்திக்கு ஒதுக்கின. குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்து இணைத்துக்கொள்ளுமாறும் அதே விதிகள் பணித்தன. இவ்விரு கட்டளைகளும் மோதாதிருக்க, குப்பை உலைக்குச் செல்லுமுன் முறையாகத் தரம்பிரிக்கப்பட வேண்டும். பிரிக்காமல் எரித்தால், அந்த வெப்ப அளவை எட்ட உதவும் காகிதமும் நெகிழியும் பொறுக்குவோரின் கூலியிலிருந்து கழிந்தவையாகவே இருக்கும். திமார்பூரைத் தொழில்நுட்பத் தோல்வியாக மட்டுமே எழுதிவரும் வரலாறு, இந்தக் கழிவைக் கணக்கில் காட்டுவதில்லை.