அணைக்கும் சுவிட்ச் யார் கையில்?

போன மாதம் ஒரு துக்கம் கேட்க அச்சங்குளம் போயிருந்தேன். சாத்தூரில் நாற்கரச் சாலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும், காரிலேயே பதித்து வந்த நேவிகேஷன் ஒரு மண்பாதையைக் காட்டியது. நம்பிப் போனேன். பாதை ஒரு பட்டாசு ஆலையின் கேட்டில் போய் முடிந்தது.

வாட்ச்மேன் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். "மேப்பு போட்டு வந்தீகளா தம்பி? மொதல்ல போனை அணைங்க" என்றார். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கூடாது. போனை உடனே அணைத்துவிட்டேன். கார்தான் அடங்கவில்லை. திரும்பு, திரும்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சத்தத்தைக் குறைத்தால் அம்புக்குறி நிற்கவில்லை. எஞ்சினை நிறுத்திப் போட்டால் பழைய வழியையே மறுபடி தூக்கிக்கொண்டு வந்தது. மெனுவுக்குள் நாலு படி இறங்கித்தான் நிறுத்த முடிந்தது.

இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கே இந்தக் கதி. ஊருக்குத் திரும்பியதும் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

காருக்குள் வழிகாட்டி என்பதில் முன்னோடி 1981-ல் ஹோண்டா கொண்டுவந்த எலெக்ட்ரோ கைரோகேட்டர். அதற்குச் செயற்கைக்கோள் கிடையாது. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை ஒரு கைரோஸ்கோப் கவனிக்கும். சின்னத் திரையில் புள்ளி நகரும். திரைக்கு மேல் ஊர் வரைபடம் அச்சிட்ட கண்ணாடித்தாளை ஓட்டுநரே செருக வேண்டும். வேண்டாமென்றால் தாளை உருவிவிடலாம். அவ்வளவுதான்.

அப்புறம் வந்தது ஜி.பி.எஸ். அது அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983-ல் கொரிய பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி, சோவியத் படையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் பிறகுதான் பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. ஆனால் நமக்கு வந்த சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தார்கள். இருக்கும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் உத்தரவால் அந்தக் கலப்பு நின்றது. ஒரே இரவில் உலகம் முழுக்க ரிசீவர்கள் துல்லியமாகிவிட்டன; யாரும் எதையும் புதிதாக வாங்கவில்லை. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எல்லா நாடுகளுக்கும் புரிந்திருக்கும். நம் இஸ்ரோ 2013 ஜூலையில் முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளை ஏவியதற்கு, இப்போது நாவிக் என்கிறோமே அதற்கு, இந்தக் கவலையும் ஒரு காரணம்.

இதையெல்லாம் படிக்கும்போது தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஞாபகத்துக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல். நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை. இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. எழுத்துத் தெரியாத வண்டிக்காரன் விரலை விட்டுத் தடவி எண்ணிக்கொள்ளலாம். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் அந்த வண்டிக்காரனையும் நினைத்திருக்கிறார். எங்கோ உட்கார்ந்து அந்தக் கல்லை அணைக்கவும் முடியாது.

சரி, கேட்டுக்கு வருவோம். திரையை அணைத்த பிறகு, "அண்ணாச்சி, ஊருக்குள்ள எப்படிப் போறது?" என்று கேட்டேன்.

"வந்த வழியே தார்ரோட்டுக்குப் போங்க. அன்னைக்கு வெடிச்ச ஆலை வரும். அதைத் தாண்டி எடது கைப்பக்கம்."

எந்த ஆலை என்று நான் கேட்கவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் அருகே நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வழி சொல்ல அந்த இடமும் ஒரு அடையாளமாகிவிட்டது. என் காரின் வரைபடத்தில் அந்த இடம் வெறும் சாம்பல் நிறம்.

அவர் சொன்ன மாதிரியே போனேன். அந்த இடம் வந்ததும் வண்டி தானாக மெதுவானது. இடது பக்கம் திரும்பினேன். அஞ்சு நிமிஷத்தில் துக்க வீடு.

வரும்போதும் நேவிகேஷனைப் போடவில்லை.